சாவி கேட்கும் பிள்ளைகள்

துபாயில் லைசென்ஸ் எடுத்த நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பார்க்கிங் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று அது எத்தனை பாடு என்பது. அதே அத்தாதான் விடுமுறையில் வந்ததும் பத்தாம் வகுப்பு மகனுக்கு பைக் வாங்கித் தருகிறார்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை நாம் அறிந்திருக்க வேண்டும். 18 வயது நிறையாதவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வண்டி உம்மாவின் பெயரில் இருந்தால்? கணவர் வெளிநாட்டில், வழக்கு இங்கே. விபத்தென்றால், இன்சூரன்ஸ் நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தையும் உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம்.

"ஸ்கூட்டிதானே" என்போம். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசி வரையிலான, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டிகள் அதைத் தாண்டியவை.

18 ஆனபின் எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்து, கால் ஊன்றாமல் 8 போட்டால் லைசென்ஸ் வந்துவிடும். தெருமுனையில் வேகம் குறைக்கும் பொறுமைக்கு அங்கே மார்க் இல்லை. அதை அவன், போனைக் காதில் இடுக்கியபடி ஓட்டும் நம் பின்சீட்டில் உட்கார்ந்துதான் கற்கிறான்.

டியூஷனுக்குச் சைக்கிள் போதும்.