சளி மாத்திரைக்குள் ஒரு ஓசி மார்க்

மக்களே, முதல்ல ஒரு சின்ன வேலை. உங்க ஹாஸ்டல் ரூம்லயோ, வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயோ கிடக்கிற சளி மாத்திரை அட்டையை எடுங்க. பின்பக்கம் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படிங்க. 'அமான்டடின்' என்று ஒரு பெயர் இருக்கிறதா? இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லையென்றாலும் படியுங்கள், அடுத்த மழைக்காலத்துக்கு உதவும்.

எனக்கு இந்தப் பெயர் தெரிய வந்தது போன கார்த்திகையில். எங்க வீடு கச்சிராயபாளையம் பக்கம். கல்வராயன் மலைக்கு ஏறுகிற பஸ் எங்க ஊர் வழியாகத்தான் போகும். லீவுக்குப் போயிருந்தபோது ஆயாவுக்குக் காய்ச்சல், சளி, உடம்பு வலி. அவங்களுக்கு வயது 74. நான்தான் மெடிக்கலுக்குப் போய் மாத்திரை கேட்டேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை. "மூணு வேளையும் குடுங்க தம்பி" என்று அட்டையிலிருந்து ஒன்பது மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். நானும் வாங்கிவந்து கொடுத்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி ஆயா எழுந்து உட்கார்ந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன எங்க தாத்தாவுக்குச் சோறு போடச் சொன்னாங்க. என்னைப் பார்த்து "யாரு நீ?" என்று கேட்டாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது.

விடிந்ததும் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் முதலில் கேட்டது மாத்திரை அட்டையைத்தான். "காய்ச்சலாலயும் இப்படி வரலாம், இந்த மாத்திரையாலயும் வரலாம். முதல்ல இதை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். இரண்டு நாளில் ஆயா பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாங்க. எது காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயா கேட்ட ஒரு கேள்வி மண்டையிலேயே நின்றுவிட்டது: "ஏன் சாமி, அந்த மாத்திரை உள்ள போயி என்னாதான் பண்ணுச்சு?"

எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான். அட்டையில் இருந்ததும் இங்கிலீஷ்தான். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். ஆனாலும் படிக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாத்திரையில் மூன்று மருந்துகள் இருந்தன. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், குளோர்ஃபெனிரமின் 2, அமான்டடின் 50. முதலாவது காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். இரண்டாவது மூக்கு ஒழுகுவதைக் குறைக்கும், கூடவே தூக்கமும் வரும். மூன்றாவது வைரஸையே தடுப்பதற்காம்.

எப்படித் தடுக்கும்? நான் மெக்கானிக்கல் என்பதால் வால்வு பாஷையிலேயே சொல்கிறேன். ஃப்ளூ வைரஸ் நம் செல்லைத் தொட்டதும், செல் அதை ஒரு சின்னப் பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் ஏறும். வைரஸ் காத்திருப்பதே அதற்குத்தான். அதன் மேலுறையில் எம்2 என்று ஒரு புரதம் இருக்கிறது. 97 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு இழைகள் சேர்ந்து நின்றால் நடுவில் ஒரு குழாய். வெளியே அமிலம் கூடினதும் குழாயின் கதவு திறக்கும், புரோட்டான்கள் வைரஸுக்குள் பாயும். உள்ளே இறுக்கமாகக் கட்டிவைத்திருந்த எட்டு ஆர்என்ஏ துண்டுகளின் கட்டு அவிழும். அவை செல்லின் மையத்துக்குப் போய், செல்லையே வைரஸ் தயாரிக்கிற ஃபேக்டரியாக மாற்றிவிடும்.

அமான்டடின் என்ன செய்யும் என்றால், அந்தக் குழாயின் தொண்டையில் போய்த் தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். புரோட்டான் போகாது, கட்டு அவிழாது, வைரஸ் பைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இவ்வளவு சின்ன வால்வுக்கு இவ்வளவு சின்ன அடைப்பான்! படித்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

இதன் வரலாற்றுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1957இல் உலகத்தைச் சுற்றிய ஆசிய ஃப்ளூ, அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னைக்குள் இறங்கியது. அந்த எச்2என்2 வகை வைரஸைத் தடுக்கத்தான் 1966இல் அமெரிக்கா அமான்டடினுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அது எந்த இடத்தை அடைக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. எம்2 புரதம்தான் இலக்கு என்பது 1985இல் வெளிவந்தது. எம்2 ஒரு அயனிக் குழாய் என்று நேரடியாகக் காட்டியது 1992இல். மருந்து வந்து 26 வருஷம் கழித்துத்தான் பூட்டு எது என்றே தெரிந்தது.

பூட்டு முழுசாகப் புரிந்து கொஞ்ச காலத்திலேயே வைரஸ் பூட்டை மாற்றிவிட்டது. எம்2 புரதத்தின் 31ஆவது இடத்தில் செரின் இருக்க வேண்டும். அங்கே அஸ்பராஜின் வந்து உட்கார்ந்தது. ஏறக்குறைய 13,500 எழுத்துகள் கொண்ட வைரஸின் மரபுக்குறிப்பில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். புரோட்டான் வழக்கம்போல் போகிறது, அமான்டடினால் மட்டும் உட்கார முடியவில்லை. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்த 120 எச்3என்2 வைரஸ்களில் 109இல் இந்த மாற்றம் இருந்தது. உடனே "இனி ஃப்ளூவுக்கு இதைக் கொடுக்காதீர்கள்" என்று அறிவித்தார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பயந்த எச்1என்1, இந்த மாற்றத்தோடுதான் பிறந்தே வந்தது. இன்று மனிதர்களிடம் பரவுகிற ஏ வகை ஃப்ளூ கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான். பி வகை ஃப்ளூவின் குழாயே வேறு. அதில் இந்த மருந்து என்றைக்குமே வேலை செய்ததில்லை. சாதாரண சளி உண்டாக்குகிற ரைனோவைரஸில் எம்2 குழாயே கிடையாது.

அதாவது சளிக்கு இது எப்போதும் பயனில்லை. ஃப்ளூவுக்கு 20 வருஷமாகப் பயனில்லை. அப்புறம் ஏன் சளி மாத்திரையில் இருக்கிறது?

"சாப்பிட்டா சரியாகுதே" என்பார்கள். நம்ம குரூப் ப்ராஜெக்டை நினைத்துப் பாருங்கள். முதல் ஸ்லைடில் மூன்று பேர் பெயர் இருக்கும், வேலை பார்த்தது இரண்டு பேர், மார்க் மூன்று பேருக்கும். காய்ச்சல் இறங்கியது பாராசிட்டமாலால், மூக்கு நின்றது குளோர்ஃபெனிரமினால், மீதியை நம் உடம்பே பார்த்துக்கொண்டது. அமான்டடின் வாங்குவது ஓசி மார்க்.

சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வயதானவர்களுக்கு அது மெதுவாக நடப்பதால் உடம்பிலேயே தேங்கும். தலைச்சுற்றல், தூக்கமின்மை, குழப்பம், இல்லாதது தெரிவது எல்லாம் தெரிந்த பக்கவிளைவுகள். ஃப்ளூவுக்குக் கொடுத்த காலத்திலேயே 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் தான் அளவு. ஆயாவுக்கு நான் என் கையால் கொடுத்தது 150.

அமான்டடினை நான் வில்லனாக்கவில்லை. நடுக்குவாத நோயான பார்க்கின்சனுக்கு அது இன்றும் நல்ல மருந்து. அதுவும் தற்செயலாகக் கண்டுபிடித்ததுதான். ஃப்ளூ வராமலிருக்க அதைச் சாப்பிட்ட ஒரு பெண்மணிக்கு நடுக்கம் குறைந்ததைப் பார்த்த டாக்டர்கள் 1969இல் அதை வெளியிட்டார்கள். நரம்பியல் டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து, சளி மாத்திரைக்குள் பெயர் தெரியாமல் வருவதுதான் என் பிரச்சினை.

மெடிக்கலில் மாத்திரை வாங்கியவர்களைக் குறை சொல்லவும் நான் தயாரில்லை. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு மலைக் கிராமத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. பக்கத்துக் கடையில் கிடைப்பதைத்தான் வாங்குவார்கள். அதனால்தான் அந்தக் கடையில் கிடைப்பது சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். டவுன்காரனுக்காவது அடுத்த தெருவில் இன்னொரு டாக்டர் இருப்பார்.

என் கருத்து இதுதான். ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சளி மாத்திரைகளிலிருந்து அமான்டடினை எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு, அட்டையில் என்ன மருந்து, எதற்கு, யார் சாப்பிடக் கூடாது என்பது தமிழிலும் இருக்க வேண்டும். மூன்று, உண்மையான ஃப்ளூவுக்கு வேலை செய்கிற மருந்துகள் இருக்கின்றன. ஒசெல்டாமிவிர் வேறொரு இடத்தைத் தாக்குகிறது, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சுகர் உள்ளவர்களுக்கு அந்த இரண்டு நாள் ரொம்ப முக்கியம். பயனில்லாத மாத்திரையை நம்பி அதைக் கழிப்பதுதான் பெரிய நஷ்டம்.

இதையெல்லாம் ஆயாவிடம் என் அரைகுறைத் தமிழில் சொன்னேன். வால்வு, தக்கை, 31ஆவது இடம் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "களை எடுக்க வராத ஆளுக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களா?" என்றாங்க. நான் ரெண்டு வாரம் படித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டாங்க.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, எல்லா அட்டையையும் ஒரு தரம் படியுங்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் இங்கிலீஷ் படித்த ஆள் நீங்கள் என்றால், அது உங்க வேலை.