காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மேசை

மகனோ மகளோ துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால், நம் வீடுகளில் முதலில் எழுவது அச்சமே. விபத்து நேருமோ என்பது ஓர் அச்சம். "நம் பிள்ளை கையில் துப்பாக்கியா? ஊர் என்ன நினைக்கும்?" என்பது மற்றோர் அச்சம். இரண்டாவதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பெரும்பாலும் தடுப்பது அதுவே. முறையாகப் பதிவுபெற்ற சங்கத்தில், பயிற்சியாளரின் கண்முன், சட்டம் வகுத்த வழியில் வெளிப்படையாகக் கற்பதில் நாணவோ அஞ்சவோ ஏதுமில்லை என்பதே நம் கருத்து.

இவ்விளையாட்டில் 'பெஞ்ச்ரெஸ்ட்' என்றொரு பிரிவு உண்டு. அமெரிக்காவில் வளர்ந்து பிற நாடுகளுக்கும் பரவியது. சுடுபவர் மேசைமுன் அமர்கிறார். ரைபிளின் முன்பகுதி ஒரு தாங்கியின் மீதும், பின்பகுதி மணல் நிரப்பிய பையின் மீதும் இருக்கும். 100 கஜத் தொலைவிலுள்ள தாளில் ஐந்து குண்டுகள் சுடப்படும். மிக விலகி நிற்கும் இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமே அளவு. தேர்ந்தவர்கள் அதனைக் கால் அங்குலத்திற்குள் அடக்கிவிடுகின்றனர். 25 மீட்டர் தொலைவில் ஏர் ரைபிளால் நடைபெறும் போட்டிகளும் உண்டு. ஓசையும் உதைப்பும் குறைவாதலால் தொடங்குவோர்க்கு அதுவே ஏற்றது.

ரைபிளைத் தாங்கியே சுமக்கிறது என்றால், சுடுபவரின் திறமை எதில் உள்ளது? காற்றைப் படிப்பதில். மேசைக்கும் இலக்கிற்கும் இடையே சிறு கொடிகள் நடப்பட்டிருக்கும். காற்றின் திசை சற்றே மாறினாலும் குண்டு விலகும். கொடி திரும்பியதும் விரலை விலக்கிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தவரே முன்னேறுகிறார். இப்பொறுமை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆகவே விலையுயர்ந்த கருவிகளை வாங்கித் தருவதில் பெற்றோர் அவசரப்பட வேண்டாம். முதற்சில மாதங்கள் சங்கத்தின் ரைபிளே போதும். ஒரு குறிப்பேடு மட்டும் வாங்கிக் கொடுங்கள். அன்றைய காற்று, பயன்படுத்திய குண்டு, கிடைத்த அளவு ஆகியவற்றை எழுதிவரட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், பிழை எதனால் வந்தது என்பது விளங்காது.

உடல் வலிமையை அதிகம் வேண்டாத விளையாட்டு இது. தந்தையும் மகளும் அடுத்தடுத்த மேசைகளில் அமரலாம்.

விபத்து குறித்த அச்சத்திற்கு விடை ஒழுங்கே. குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். சுடும் கணம் வரும்வரை விரல் விசையைத் தொடலாகாது. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும். விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். சுடுதளத்தின் முதல் விதியும் அதுவேயன்றோ!

மறுப்பதற்கு முன், பிள்ளையுடன் ஒருநாள் சுடுதளத்திற்குச் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். கண்டபின் முடிவெடுப்போம்.