பெண் குட்டிக்கரணம் போட்டால் எது உடையும்?

குறுக்குத்துறைப் படித்துறையிலிருந்து பையன்கள் பல்டியடித்துத் தாமிரபரணியில் குதிப்பதை யாரும் பெரிதாகத் தடுப்பதில்லை. பாறை எங்கே, ஆழம் எவ்வளவு என்று பார்க்காமல் தலைகீழாகப் பாய்வது கழுத்தை முறிக்கிற வேலை. ஆனாலும் 'ஆம்பளப் பிள்ள' என்று விட்டுவிடுகிறோம். அதே திருநெல்வேலியில் பன்னிரண்டு வயதுப் பெண் மெத்தையில் ஒரு குட்டிக்கரணம் போட்டால் வீடே பதறுகிறது. "ஏட்டி, சமைஞ்ச பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?"

இதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கர்ப்பப்பை நழுவிவிடுமாம். அது இடுப்புக்கூட்டுக்குள் தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடித்திருக்கும் உறுப்பு. ஒரு கரணத்துக்கு நழுவாது. கன்னித்திரை கிழிந்துவிடுமாம். கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது.

தெருவில் கழைக்கூத்தாடிச் சிறுமி வெறும் தார் ரோட்டில் கரணம் போடும்போது, அவள் கர்ப்பப்பையை நினைத்து யார் பதறினார்கள்? கைதட்டிக் காசு போட்டுவிட்டுப் போனோம். ஆக, இந்தக் கவலை உடம்பைப் பற்றியது அல்ல. எந்தச் சாதி, எந்த வீட்டுப் பெண், யாருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியவள் என்பதைப் பற்றியது.

உண்மையான பாதுகாப்பைச் சொல்லித்தர ஒரு பி.டி. பீரியடு போதும். சிமெண்டுத் தரை கூடாது, மெத்தை வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும். முதலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு முதுகில் தொட்டில்போல் ஆடிப் பழக வேண்டும். பிறகு குந்தி உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் தோள் அகலத்தில் ஊன்றி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பை உயர்த்தி உருள வேண்டும். பாரத்தைக் கைகள் தாங்க வேண்டும். முதலில் தரையில் படுவது தோளின் பின்புறம். உச்சந்தலையில் எடை விழக் கூடாது. கழுத்து வலி இருப்பவள் அன்றைக்குச் செய்ய வேண்டாம். உதவிக்கு நிற்பவர் எங்கே கை வைப்பேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

'வேண்டாம்' என்று அவள் சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். இதுவும் பாதுகாப்பு விதிதான். 1978இல் உலக சாம்பியனான சோவியத் வீராங்கனை எலேனா முகினா, கால் முறிவு சரியாக ஆறுமுன்னே ஆபத்தான கரணத்துக்குத் தள்ளப்பட்டார். 1980 ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் கழுத்து முறிந்தது. 2006இல் இறக்கும்வரை கைகால் முடங்கியே கிடந்தார். டோக்கியோவில் 2021இல் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றதும் விலகினார். கோழை என்று ஏசியவர்கள் ஏசட்டும். அவர் கழுத்து தப்பியது. பெண்ணைப் பூட்டி வைப்பவரும் பதக்கத்துக்காகத் துரத்துபவரும் ஒரே ஆள்தான். இருவருமே அவள் உடம்பு குறித்து அவளிடம் கேட்பதில்லை.

ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் 1928இல் வந்துவிட்டது. முதல் இந்தியப் பெண்ணாகத் திரிபுராவின் தீபா கர்மாகர் அங்கே போய்ச் சேர்ந்தது 2016இல். வால்ட்டில் நான்காம் இடம். வெண்கலம் தவறியது 0.15 புள்ளியில். இடையில் போன 88 வருடத்தில் எத்தனை சிறுமிகளை "அடங்கி இரு" என்று உட்கார வைத்தோம்?

நம் ஊர்ப் பள்ளிகளில் நான் கேட்பது பதக்கம் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு மெத்தை, கணக்கு டீச்சர் பறித்துக்கொள்ளாத ஒரு பி.டி. பீரியடு, சொல்லித்தரத் தெரிந்த ஒரு ஆசிரியை. விழாமல் காப்பதாகச் சொல்லி உட்கார வைத்தது போதும். எப்படி விழ வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள்.