மிரட்டல் கொள்ளையும் லைசென்ஸ் கொள்ளையும்

1980 ஆகஸ்டு 26. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஹார்வீஸ் சூதாட்ட விடுதிக்குள் சுமார் 1,000 பவுண்டு டைனமைட் குண்டை வைத்து, 30 லட்சம் டாலர் கேட்டு மிரட்டினான் ஒருவன். மறுநாள், செயலிழக்கச் செய்ய முயன்றபோது குண்டு வெடித்தது. ஜனங்களை முன்பே வெளியேற்றியதால் உயிர்ச்சேதமில்லை.

யார் அவன்? அதே விடுதியில் சூதாடிப் பெரும் பணம் தோற்றவன். அவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. அங்கே வேலை செய்த தொழிலாளர்களின் உயிரையும் பணயம் வைத்த பாதகன் அவன். சிறை சென்றான், 1996-ல் சிறையிலேயே மாண்டான்.

ஆனால் அந்த மேஜையின் கணக்கென்ன? அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தாலும் லாபம் 35 மடங்கே! மிரட்டிப் பறித்தால் குற்றம். மயக்கிப் பறித்தால் தொழிலா?

தோழர்களே! உழைத்த கூலியைச் சூதுக்காரனிடம் கொடுக்காதீர்கள்!