டேட்டாபேஸ் பாடம் டி.சி. கட்டில் இருக்கிறது

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் டேட்டாபேஸ் பாடம் நடத்துகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மாணவர் பெயர், பதிவு எண், மதிப்பெண் என்று ஒரு டேபிள். துறையும் துறைத்தலைவரும் இன்னொரு டேபிள். இரண்டையும் சேர்த்து ஒரு குவரி எழுதி, திரையில் வந்ததை அச்செடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினால் லேப் முடிந்தது. பஸ் ஏறப் போகும் வழியில் ஒரு காம்பேக்டிங் யூனிட்டில் துணி ரோல்கள் இறங்கிக்கொண்டிருக்கும். அது யாருடைய துணி, எந்த லாட், எத்தனை கிலோ என்று அந்த மாணவர்கள் ஒரு நாளும் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மாடியறையில் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இப்படிப் படித்து வருகிறவர்களைத்தான் வேலைக்கு எடுக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். நார்மல் ஃபார்ம் எத்தனை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பாடத்துக்கெல்லாம் மூலம், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரை. அதில் அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று சப்ளை கணக்கு: யார், எந்தப் பொருளை, எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு கொடுத்தார். திருப்பூரில் சரக்கோடு போகும் டெலிவரி சலான் (டி.சி.) சொல்வதும் ஏறக்குறைய அதைத்தானே? சரக்குக் கணக்கில் தொடங்கிய பாடத்தை நாம் மார்க் ஷீட்டாக்கி வைத்திருக்கிறோம்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் கம்ப்யூட்டர் கிடையாது. ஷிப்மென்ட் முடிந்துபோன ஒரு பழைய ஆர்டரின் டி.சி. கட்டைக் கொடுத்து, வெள்ளைத்தாளில் டேபிள் போடச் சொல்வேன். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் ஒன்பது வாசல் ஏறி இறங்குகிற ஊர் இது. வாசலுக்கு ஒரு டி.சி. போகும், ஒன்று வரும். எல்லாரும் செய்கிற முதல் காரியம், டி.சி. நம்பரைப் பிரைமரி கீ ஆக்குவது. சரி என்பேன். இரண்டு ஜாப் ஒர்க் யூனிட்டுகள் கொடுத்த டி.சி.களை எடுத்து வைப்பேன். இரண்டிலும் நம்பர் 1. ஏப்ரல் பிறந்தால் எல்லாரும் புதுப் புத்தகம் பிரித்து 1 என்றுதான் தொடங்குவார்கள். ஆகவே பார்ட்டி, நிதியாண்டு, நம்பர் மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம். மூன்று பருவம் படித்தும் பிடிபடாத காம்போசிட் கீ அந்த இரண்டு தாளில் பிடிபட்டுவிடும்.

உண்மையான பாடம் சாயப்பட்டறையில் இருக்கிறது. பழக்கமான கம்பெனி ஒன்றின் பேப்ரிக் இன்சார்ஜ் அண்ணனிடம் பிள்ளைகளை அனுப்புவேன். அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். புதிதாக வந்த பெண் ஒருத்தி போட்ட டேபிளைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கிரே துணி போனது நூறு கிலோ, கலராகி வந்தது தொண்ணூத்திரண்டு. மிச்சம் எட்ட எங்க எழுதுவ?" என்றார். பெண் முழித்தாள். எட்டும் பிராசஸ் லாஸா, ஒரு ரோல் ரீடையிங்குக்கு நின்றுவிட்டதா, அடுத்த வண்டியில் வருமா? அனுப்பியதும் வந்ததும் ஒரே வரியில் இருந்தால் இதற்குப் பதில் எழுத இடமில்லை. போனது ஒரு டேபிள், வந்தது ஒரு டேபிள், இரண்டுக்கும் நடுவே எதற்கு எது வந்தது என்று ஒன்று. அன்று சாயங்காலம் அவளே வந்து அப்படிப் போட்டுக் காட்டினாள்.

அண்ணனின் அடுத்த கேள்வி லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி. இரண்டு லாட்டும் நேவி புளூதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் விரித்தால் ஒன்றில் லேசாகச் சிவப்பு ஓடும். உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால் அத்தனையும் செகண்ட்ஸ். டேபிளில் கலர் மட்டும் இருந்து லாட் இல்லையென்றால், ஸ்டாக் சரியாகத்தான் காட்டும், சட்டை மட்டும் தப்பாகிவிடும்.

கட்டிங்கில் கிலோ பீஸாக மாறுகிறது. அங்கே சைஸ் வருகிறது. உள்ளூர் பனியனுக்கு 80, 85, 90 என்று சென்டிமீட்டர். எக்ஸ்போர்ட்டுக்கு எஸ், எம், எல். குழந்தைகளுக்கு 2-3, 3-4 என்று வயது. எக்ஸெலில் 2-3 என்று அடித்தால் அது மார்ச் 2 ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, தேதியாக மாறிக்கொண்டிருந்த சில மரபணுக்களின் பெயரையே 2020-இல் மாற்றியது. சைஸ் என்பது எண்ணா, எழுத்தா என்று முன்கூட்டியே முடிவு செய்வதைத்தான் புத்தகத்தில் டேட்டா டைப் என்று அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பீஸ் ரேட்டும் அப்படித்தான். சம்பள ஒப்பந்தம் போட்டால் தேதி வைத்து உயர்வு வரும். பழைய ரேட்டின் மேலேயே புது ரேட்டை எழுதிவிட்டால், போன வருடத்துப் பில்லைத் திறக்கும்போது அதுவும் ஏறியிருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்த ரேட் என்று வைக்க வேண்டும். அதை யார் மாற்றலாம் என்பதற்கும் ஒரு பூட்டு வேண்டும். பேக்கப் பாடத்துக்கும் என் வழி சுருக்கமானது: ஒரு நாள் டேட்டாபேஸை அழித்துவிட்டு மீட்டுக் கொண்டுவரச் சொல்வேன்.

இதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலைதானே என்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கணக்கைச் சட்டமே கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். எந்த டி.சி.க்கு எது வந்தது என்று தெரியாதவர் ஜாப் ஒர்க் கணக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 படிவத்தில் என்ன எழுதுவார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொருள்களுக்கு அவற்றின் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்க வழி செய்கிறது. முதலில் கவனிக்கப்போகும் பொருள்களில் துணியும் உண்டு. வங்கதேசத்தில் 2013-இல் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டிடம் இடிந்தபோது, அங்கே யாருக்காகத் தைத்தார்கள் என்று அறிய இடிபாடுகளில் லேபிள்களைத் தேடி எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும் ஆர்டர் யாருடையது என்பது துணித்துண்டைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஏ.ஐ. குவரி எழுதித் தருமே என்றும் கேட்கிறார்கள். தரும், நன்றாகவே தரும். டேபிளில் லாட் இல்லையென்றால் இரண்டு நேவியையும் கூட்டி ஒரே தொகையாக, துளியும் தயங்காமல் தரும்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்துபோன ஆர்டர்களின் டி.சி. கட்டுகள் உங்கள் பரணில் கிடக்கின்றன. பையர் பெயர், விலை, தொழிலாளர் பெயர் மூன்றையும் மறைத்து நகல் எடுத்துப் பக்கத்துக் கல்லூரிக்குக் கொடுங்கள். ரகசியம் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் லாட்டும் கிலோவும் தேதியும் இருந்தாலே பாடத்துக்குப் போதும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இலவசம். லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இல்லாதது அந்தத் தாள்கள்தான்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மாதிரித் தேர்வுக்கு ஒரு பேப்ரிக் இன்சார்ஜை அழைத்து உட்கார வையுங்கள். அவருக்கு எஸ்கியூஎல் தெரிய வேண்டியதில்லை. ஒரு லாட் நம்பரைச் சொல்லி, குறைந்த கிலோவுக்குக் கணக்குக் கேட்கட்டும். காட்டுகிற பிள்ளைக்கு மார்க் போடுங்கள்.