கூட்டம் இல்லையாம், வண்டியை நிறுத்தறாங்களாம்!

பாசஞ்சர் ரயிலில் நஷ்டம், அதனால்தான் குறைக்கிறோம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேரத்தை மாற்றுவது, நாலு ஹால்ட்டில் நிற்காமல் போவது, கட்டணத்தை ஏற்றுவது, அப்புறம் "கூட்டமே இல்லையே" என்று கையை விரிப்பது. அப்புறம் எங்கேயிருந்து வரும் கூட்டம்?

நம்ம காளஹஸ்தியையே எடுத்துக்குங்க. ராகு கேது பூஜைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கார் இருக்கு. ஆனால் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்கும், கலம்காரித் துணி மூட்டையோடு ஏறுகிறவருக்கும், காலேஜ் பிள்ளைகளுக்கும் பாசஞ்சர்தான் வண்டி.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுக்க நிறுத்தினார்கள். சரி, நியாயம். திரும்ப விட்டபோது நடந்ததுதான் கூத்து. அதே பெட்டி, பேர் மட்டும் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்'. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30. அவசியமில்லாத பயணத்தைத் தடுக்கத்தான் இது என்று 2021-ல் விளக்கம் வேறு! ஆஸ்பத்திரிக்குப் போவது அவசியமில்லாத பயணமா? தெரியாமத்தான் கேக்கறேன். பல வண்டிகளில் பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரி கடைசியில். (தேர்தல் எப்போ வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?) அதற்குள் ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் பழகிப்போனவர்கள் எல்லாரும் உடனே திரும்பி வந்துடுவாங்களா என்ன.

2023 ஏப்ரலில் செகந்திராபாத் - திருப்பதி வந்தே பாரத் விட்டார்கள். அன்றைக்கு அறிவித்த நிறுத்தங்கள் நல்கொண்டா, குண்டூர், ஓங்கோல், நெல்லூர். காளஹஸ்தி வழியாகத்தான் போகும், ஊர்க்காரர்கள் பிளாட்பாரத்தில் நின்று டாட்டா காட்டலாம். வேகமான வண்டி வேண்டாம்னு யாரும் சொல்லலை சாமி. ஆனால் அதற்குக் கொடி அசைக்கிற கை, ஹால்ட்டில் நிற்கிறவனுக்கும் கொஞ்சம் நீளணும்.

நஷ்டக் கணக்கு தெரியாமல் பேசவில்லை. செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூல் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். இருக்கட்டும். நாலுவழிச் சாலை போட்ட பிறகு அங்கே போகிற ஒவ்வொருத்தர் கையிலும் இப்படி ஒரு சீட்டு கொடுத்தார்களா?

நான் பிழைக்க வந்திருக்கும் பிரிட்டனில் 1963-லேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பீச்சிங் என்றொருவர் 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னார். கிளைப்பாதையை மூடினால் அதில் ஏறி மெயின் லைனுக்கு வருகிறவனும் போய்விடுவான் என்பது அந்தக் கணக்கில் சரியாக ஏறவில்லை. ஸ்காட்லாந்தில் 1969-ல் மூடிய வேவர்லி பாதையில் ஒரு பகுதியை 2015-ல், கோடிகளைக் கொட்டி மறுபடி போட்டார்கள். இத்தனைக்கும் இங்கே வீட்டுக்கு வீடு கார்.

லீவில் போகிற நம்ம ஆட்கள் ஏர்போர்ட்டிலிருந்தே இன்னோவா பிடித்து காளஹஸ்தி போய்விடுகிறார்கள். இந்தத் தடவை ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த பாசஞ்சர் எத்தனை மணிக்குன்னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கும் சொல்லுங்க.