விற்றது நெல், வந்தது கடன்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் இருக்கின்றன கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி பஞ்சாயத்துகள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எல்லைப் பகுதி. சித்தூர் வட்டாரத்தில் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி நெல் நடுகிறவர்களைப் பார்த்து, எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் பெருமூச்சு விடக் காரணம் உண்டு. 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குத் தமிழக அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். கேரள அரசு அறிவித்தது 3,000 ரூபாய்.

ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும் வழி வேறு. தமிழ்நாட்டில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால், அதன் விலை விவசாயியின் வங்கிக் கணக்கில் விழும். கேரளத்தில் கொள்முதல் செய்வது சப்ளைகோ. அது ஒதுக்கும் தனியார் அரிசி ஆலையின் லாரி வந்து நெல்லை ஏற்றிப் போகும். விவசாயிக்குக் கிடைப்பது ஒரு ரசீது. பல ஆண்டுகளாக நடந்துவந்த முறைப்படி, அதை வங்கியில் காட்டினால் பணம் கிடைக்கும். விலையாக அல்ல, விவசாயியின் பெயரில் எழுதப்படும் கடனாக! சப்ளைகோ பின்னர் வட்டியோடு அதை அடைக்கும்.

அடைக்கத் தாமதமானால்? பொறுப்பு சப்ளைகோவுடையதுதான், விவசாயிக்குப் பாதிப்பில்லை என்கிறது அரசு. விவசாயிகளோ, அடுத்த கடன் கேட்டுப் போனால் வங்கி பழைய பாக்கியைக் காட்டுகிறது என்கிறார்கள். 2023 நவம்பரில் ஆலப்புழை மாவட்டத்தின் குட்டநாட்டில் ஒரு நெல் விவசாயி தற்கொலை செய்துகொண்டபோது, இந்தப் புகார் மாநிலம் முழுதும் வெடித்தது. அவர் விட்டுச் சென்ற குறிப்பும் நெல் ரசீதுக் கடனைத்தான் சுட்டியது. அரசு மறுத்தது.

வங்கிக் கடனும் தாமதமாகும் பருவங்களில் நிலைமை இன்னும் மோசம். அறுவடை இயந்திர வாடகையும் ஆள் கூலியும் காத்திருக்காது. அடுத்த நடவுக்கு உரம் வாங்க, வீட்டு நகை அடகுக்குப் போகும்.

தாமதத்துக்கு ஒரு காரணம், விலை இரண்டு பைகளிலிருந்து வருவது. குறைந்தபட்ச ஆதரவு விலை மத்திய அரசினுடையது. அதற்கு மேல் ஊக்கத்தொகை மாநில அரசினுடையது. மத்திய அரசு பாக்கி வைத்திருக்கிறது என்று திருவனந்தபுரம் சொல்லும். கணக்கு ஒழுங்காக வரவில்லை என்று டெல்லி சொல்லும்.

இந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021-22இல் கிலோவுக்கு மத்திய அரசின் விலை 19.40 ரூபாய், மாநிலப் பங்கு 8.60, ஆக மொத்தம் 28. 2024-25இல் மத்திய விலை 23 ரூபாயாக உயர்ந்தது. மாநிலப் பங்கோ 5.20 ஆகச் சுருங்கியது. டெல்லி கூட்டியது 3 ரூபாய் 60 காசு; விவசாயிக்குக் கிடைத்தது வெறும் 20 காசு. 2025 அக்டோபரில் விலையை 30 ரூபாயாக்கியபோதும் மாநிலத்தின் பங்கு 6.31 ரூபாய்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததைவிடக் குறைவு.

நாட்டிலேயே நெல்லுக்கு அதிக விலை தரும் மாநிலங்களில் ஒன்று என்று கேரளம் பெருமைப்படலாம். தவறில்லை. ஆனால் சொந்த நெல்லை விற்றவர் கடன்காரர் பட்டியலில் நிற்கும்வரை, எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவர் பெருமூச்சு விட வேண்டியதில்லை. விலை குறைவுதான். ஆனால் அது அவருடைய பணம்.